குசினி அலுமாரியும் அடிப்பூச்சும்



குசினி, அலுமாரி, தீந்தை ஆகிய மூன்று சொற்களையும் நாம் நாள்தோறும் வழங்கி வருகிறோம். மூன்றும் தமிழிலே பிறந்த சொற்களல்ல. 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் இங்கே விட்டுச் சென்றவற்றுள் இவையும் அடங்கும். சொற்கள் வந்தன, பொருள்களும் வந்தன, ஆயினும் அப்பொருள்களைப் பேணும் முறை நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்னும் நிலைபெறவில்லை. குசினியிலுள்ள மர அலுமாரிக்குத் தீந்தை பூசுவதற்கு முன்னர் அடிப்பூச்சு ஏன் வேண்டும், எந்த அடிப்பூச்சைத் தெரிந்தெடுப்பது, அதனை எவ்வாறு பூசுவது என்பனவற்றையே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். கடைகளிலே அடிப்பூச்சைப் பிரைமர் என்று சொல்வார்கள்.

இஃது ஒரு சிறிய விடயம், இதற்கு ஒரு பேச்சு வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் குசினியில், சுவரின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்து நிற்கும் அலுமாரி ஒன்று உண்டு. வளவில் நின்ற பலாமரத்தைத் தறித்து என் தகப்பனார் செய்வித்தது. அதற்குப் பன்னிரண்டு கதவுகள். மேல்வரிசைக் கதவுகள் பொலிஷ் இட்டவை. கீழ்வரிசைக் கதவுகள் என் இளமைக் காலத்திலேயே பச்சைத் தீந்தை பூசப்பெற்றவை. விறகடுப்பின் புகையும், தாளிதத்தின் எண்ணெயாவியும், கைபட்ட அழுக்கும் சேர்ந்து, பல ஆண்டுகளில் அலுமாரி முழுவதும் ஒரே மங்கல் நிறமாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தைப்பொங்கலுக்கு மகள் தன் கைக்குழந்தையுடன் வருவதாக எழுதியிருந்தாள். குசினியைப் புதிதாக்கி வைக்கவேண்டும் என்ற ஆவல் எனக்கு எழுந்தது. மார்கழி மாதக் கடைசியில், மழை விட்டும் விடாமலும் இருந்த நாட்களில், வெள்ளை எனாமல் தீந்தையும் இரண்டு தூரிகைகளும் வாங்கிவந்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, இரண்டே நாட்களில் பன்னிரண்டு கதவுகளுக்கும் பூசி முடித்துவிட்டேன். பொங்கலன்று அலுமாரி பால்போல் வெளுத்து நின்றது. வந்தவர் யாவரும் பாராட்டினர். மனைவியார் மட்டும் கைபிடியின் அருகே விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மகள் மீண்டும் வந்தபோது, அந்த அழகிற் பாதி போய்விட்டது. கைபிடிகளைச் சுற்றித் தீந்தை வெங்காயத் தோல்போல் உரிந்தது. மேற்கதவுகளில், தேநீர் சிந்தியதுபோல மஞ்சட்கறை ஊறியிருந்தது. கீழ்க்கதவுகளில் புதுத் தீந்தையோடு பழைய பச்சைத் தீந்தையும், அதன் அடியிலிருந்த இளஞ்சிவப்புப் பூச்சும் சேர்ந்து செதில் செதிலாகப் பெயர்ந்தன. தவழும் பருவத்துப் பேரன் அச்செதில் ஒன்றை எடுத்து வாயில் வைத்துவிட்டான். மனைவியார் விரலிட்டு அதனை வெளியே எடுத்தார். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் எங்கள் ஊர் ஓடாவியாரை அழைத்துவந்து காட்டினேன். அவர் முதிர்ந்த அனுபவசாலி. நகத்தால் ஓரிடத்தைக் கீறினார். உரிந்த தோலின் உட்புறத்தை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

“மாஸ்டர், நீங்கள் பலகைக்குத் தீந்தை பூசவில்லை. எண்ணெய்க்கும் புகைக்கும் அல்லவா பூசியிருக்கிறீர்கள்?”

நேயர்களே, இந்தப் பேச்சு முழுவதன் சாரமும் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. தீந்தை தனக்கு உடனடியாகக் கீழே எது இருக்கிறதோ அதனையே பற்றும். கீழே இருப்பது உறுதியாயின் தீந்தையும் உறுதி. கீழே இருப்பது கழன்றால் தீந்தையும் அதனுடன் கழலும். ஆகவே அடிப்பூச்சைத் தெரிவு செய்யப் புகுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா ‘எந்தத் தகரம் நல்லது?’ என்பதன்று, ‘என் அலுமாரியின் மேல் இப்பொழுது இருப்பது யாது?’ என்பதே.

அடிப்பூச்சு செய்யும் தொழில்கள் மூன்று. முதலாவது, பற்றுதல். அது ஒருபுறம் மரத்தையும் மறுபுறம் தீந்தையையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது, அடைத்தல். மரத்தின் நுண்டுளைகள் தீந்தையை உறிஞ்சிவிடாதபடியும், மரத்தினுள் இருக்கும் சாயம் மேலே ஊறிவராதபடியும் அது தடுக்கிறது. மூன்றாவது, சமன்செய்தல். ஓரிடம் மினுங்கி ஓரிடம் மங்காமல், மேற்பூச்சு எங்கும் ஒரே நிறமாய்த் தோன்ற இடங்கொடுக்கிறது. எனாமல் தீந்தை இவற்றுள் எதனையும் செவ்வையாகச் செய்யாது. அஃது அழகுக்கும், கழுவித் துடைப்பதைத் தாங்குவதற்கும் ஆக்கப்பட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சுவரும் சித்திரமும் இருந்தால் மட்டும் போதாது. இரண்டையும் இணைக்கும் தளமும் வேண்டும் என்று நாம் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, பழைய அலுமாரி வைத்திருப்போர் வேறெதற்கும் முன்னர் கவனிக்கவேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கீழ்க்கதவுகளில் இளஞ்சிவப்புப் பூச்சு ஒன்று இருந்ததென்றேன் அல்லவா? வெள்ளை ஈயத்தையும் செவ்வீயத்தையும் ஆளிவிதை எண்ணெயிற் குழைத்து மரத்துக்கு அடிப்பூச்சாக இடுவது அக்காலத்துப் பிரித்தானிய வழக்கம். அக்கலவையின் நிறம் இளஞ்சிவப்பு. பிற்காலத்தில் ஈயமற்ற அடிப்பூச்சுகளும் அதே நிறத்தில் வந்தமையால், நிறத்தை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது. எனினும் பழைய மரத்தில் அந்நிறத்தைக் கண்டால் ஈயம் உண்டெனக் கருதி நடப்பதே அறிவுடைமை. இலங்கையிலே தீந்தையில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு வரம்பு விதிக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் கட்டளை 2013 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலிருந்தே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய தீந்தைகள் யாவும் ஐயத்துக்குரியவை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்க வல்லது. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று.

ஆகவே அத்தகைய பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்குதல் ஆகாது. நெருப்புக் காட்டி உரித்தலும் ஆகாது. அஃது உறுதியாக ஒட்டியிருந்தால், அதனைக் கிளறாமல், நீர்படாது கெடாத மண்தாளை நனைத்து மேலோட்டமாக உரசி, அதன்மேல் அடிப்பூச்சு இட்டு மூடிவிடுவதே நன்று. பெயர்ந்த இடங்களை மட்டும் நனைத்துச் சுரண்டி எடுக்கலாம். வேலை நடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் வரலாகாது. நிலத்தில் பொலித்தீன் விரித்து, விழும் செதில்களை அதிலேயே சுருட்டிக் கட்டிவிடவேண்டும். விளக்குமாற்றாற் கூட்டினால் தூசி பறக்கும். ஈரத்துணியாற் துடைத்தலே முறை. வேலை செய்பவர் நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, உண்பதற்கு முன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

இவ்வெச்சரிக்கையை மனத்திற் கொண்டு, அடுத்த படிக்கு வருவோம். அதுவே கழுவுதல். முதலிற் கதவுகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கதவின் பிணைச்சல் இருக்கும் இடத்திலும், அலுமாரியில் அதற்குரிய இடத்திலும் ஒரே எண்ணை எழுதி, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். இதனைச் செய்யாதவர்கள் கடைசியில் எந்தக் கதவு எங்கே பொருந்தும் என்று அரை நாள் திண்டாடுவர். கைபிடிகளையும் கழற்றி வைத்துவிட்டு, இளஞ்சூடான நீரிற் சலவைச் சோடாவையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ கரைத்துக் கதவுகளைத் தேய்த்துக் கழுவுங்கள். சோடா கையாள்வோர் கையுறை அணிதல் நன்று. பின்னர் தூய நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்தெடுங்கள். சோடா தங்கிவிட்டால் அதுவும் பூச்சுக்குப் பகையே. மரம் ஊறும்படி நீரை ஊற்றவேண்டாம்.

எண்ணெய் போய்விட்டதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பழைய பொலிஷ் அல்லது தீந்தையின் மேற்பரப்பிற் சிறிது நீரைத் தடவிப் பாருங்கள். நீர் மெல்லிய படலமாய்ப் பரந்து நின்றால் பரப்புத் தூய்மையாயிற்று. சேப்பிலையின் மேல் நின்றதுபோல் முத்து முத்தாய்த் திரண்டால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது, மீண்டும் கழுவவேண்டும்.

கழுவுமுன் மண்தாள் இட்டுத் தேய்க்கலாகாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நான் சொல்லும் மண்தாள், கடைகளில் சாண்ட் பேப்பர் என வழங்குவது. எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால் அது கீறல்களினுள்ளே புகுந்து நிரந்தரமாகத் தங்கிவிடும். கழுவி, ஒரு நாள் நன்றாக உலரவிட்டு, அதன் பிறகு 120 அல்லது 150 இலக்க மண்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலே தேய்க்கவேண்டும். பழைய பூச்சை முற்றாக அகற்றவேண்டியதில்லை; மினுக்கம் மறைந்து மேற்பரப்பு மங்கினாற் போதும். துளைகளையும் வெடிப்புகளையும் மக்கு வைத்து அடைத்து, உலர்ந்ததும் சமப்படுத்தி, தூசியைத் துடைத்துவிடுங்கள்.

இப்பொழுதுதான் அடிப்பூச்சைத் தெரிவு செய்யும் வேளை வருகிறது. பரப்பின் இயல்பை ஒட்டி நான்கு வகையாக இதனை நோக்கலாம்.

முதலாவது, வெறும் மரம். பலா, தேக்கு, மகோகனி போன்ற மரங்களிலே நிறப்பொருள்களும் துவர்ப்புப் பொருள்களும் இயற்கையாகவே உள்ளன. பலாமரத்தின் வைரத்தைச் சிராய்களாக்கி நீரிற் காய்ச்சி எடுக்கும் மஞ்சட் சாயத்தால் பௌத்த பிக்குகளின் சீவர ஆடைகள் தொன்றுதொட்டுச் சாயமிடப்பட்டு வந்தன. ஆடைக்கு அழகு தந்த அந்தச் சாயமே என் வெள்ளை அலுமாரியைக் கறைப்படுத்திற்று. நீர் கலந்த அடிப்பூச்சை இத்தகைய மரத்தில் நேரே பூசினால், அந்நீரே சாயத்தைக் கரைத்து மேலே கொண்டுவரலாம். ஆகையால் இம்மரங்களுக்கு அரக்கு கலந்த அடிப்பூச்சு அல்லது கறைதடுக்கும் எண்ணெய்வகை அடிப்பூச்சே ஏற்றது. அரக்கு என்பது பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசின். அது ஸ்பிரிட்டிற் கரையும், நீரிற் கரையாது. அதனாலேயே மரத்தின் சாயத்தை உள்ளே அடைத்துவைக்கும் ஆற்றல் அதற்குண்டு. ஆயத்தமாக விற்கும் அரக்கு அடிப்பூச்சு கிடைக்காவிடின், பொலிஷ் வேலை செய்வோர் பயன்படுத்தும் மெழுகு நீக்கிய செதிலரக்கை மெதிலேற்றட் ஸ்பிரிட்டிற் கரைத்து மெல்லியதாக இரு முறை பூசி, அதன்மேல் எண்ணெய்வகை மர அடிப்பூச்சை இடலாம். பிசின் மிகுந்த கடின மரங்களுக்கு அலுமினியம் கலந்த மர அடிப்பூச்சும் உண்டு. தேக்கிலே இயற்கை எண்ணெய் இருப்பதால், பூசுவதற்குச் சற்று முன்னர் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துக்கொள்ளவேண்டும்.

இரும்பு ஆணிகளையும் கவனியுங்கள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு நிறம் உண்டாவதைச் சாயத் தொழிலாளர் அறிவர். துவர்ப்புள்ள மரத்தில் இரும்பு ஆணித்தலையும் ஈரமும் சேர்ந்தால் அவ்வண்ணமே கருங்கறை தோன்றும். ஆணித்தலைகளைச் சற்று உள்ளே இறக்கி, அரக்குத் தடவி, மக்கால் மூடிவிடுங்கள்.

இரண்டாவது, பழைய பொலிஷும் பழைய தீந்தையும். பஞ்சிற் சிறிது ஸ்பிரிட்டைத் தொட்டு, மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் அஃது அரக்குப் பொலிஷாகவோ நீர்வகைத் தீந்தையாகவோ இருக்கும். அசையாமல் நின்றால் பெரும்பாலும் எண்ணெய்வகை எனாமல். பரப்பு உறுதியாயிருந்து, நன்கு கழுவித் தேய்க்கப்பட்டிருப்பின், வழுவழுப்பான பரப்புகளைப் பற்றுவதற்கென்று ஆக்கப்பட்ட அடிப்பூச்சை இவ்விரண்டின் மேலும் பூசலாம். பழைய எனாமலுக்கு எண்ணெய்வகை அடிப்பூச்சும் நன்கு பொருந்தும். பொலிஷின் கீழே பலாமரம் இருந்து, மேலே வெள்ளைத் தீந்தை வரப்போவதாயின், கறைதடுக்கும் குணமும் அந்த அடிப்பூச்சுக்கு இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஃபோமைக்கா முதலிய வழுவழுப்பான தகடு ஒட்டிய கதவுகள். இவற்றுக்கு நுண்டுளைகளே இல்லை. சாதாரண மர அடிப்பூச்சு இவற்றின்மேல் உலர்ந்து நிற்கும். ஆனால் பற்றி நிற்காது. 220 இலக்க மண்தாளால் மினுக்கத்தை எடுத்து, இவ்வகைப் பரப்புக்கு ஏற்றதென்று தகரத்திலே குறித்திருக்கும் அடிப்பூச்சையே வாங்கவேண்டும். தகடு விளிம்பில் எழும்பியிருந்தால் முன்னதாகவே ஒட்டிவிடுங்கள். எழும்பிய தகட்டை எந்தப் பூச்சும் அமர்த்தாது.

நான்காவது, எம்.டி.எஃப் என வழங்கும் அழுத்திய மரநார்ப் பலகை. இக்காலத்துக் குசினிகள் பலவற்றில் உள்ளது இதுவே. இதன் முகம் வழுவழுப்பானது. வெட்டிய விளிம்போ கடற்பஞ்சு போன்றது. நீர்வகை அடிப்பூச்சு விளிம்பிற் பட்டால் நார்கள் உப்பிச் சொரசொரப்பாகும். எனவே விளிம்புகளுக்கு எண்ணெய்வகை அல்லது அரக்குவகை அடிப்பூச்சை இரண்டு முறை பூசி, இடையிலே தேய்த்துச் சமப்படுத்தவேண்டும். கழுவும் தொட்டியின் கீழுள்ள கதவுகளில் விளிம்பை அடைக்காமல் விட்டால், பலகை ஈரத்தை உறிஞ்சி வீங்கிவிடும். பிறகு அதற்கு மருந்தில்லை.

சில தவறான சிக்கனங்களையும் சொல்லவேண்டும். சுவருக்குரிய அடிப்பூச்சு சீமெந்துக்காக ஆக்கப்பட்டது; இரும்புக்குரிய செந்நிற அடிப்பூச்சு துருவைத் தடுப்பதற்காக ஆக்கப்பட்டது; இரண்டும் மர அலுமாரிக்கு உரியனவல்ல. தீந்தையில் டேர்ப்பன்டைனை மிகுதியாகக் கலந்து நீர்த்துப்போகச் செய்தால் அஃது அடிப்பூச்சாகிவிடாது. மெலிந்த தீந்தையாகவே இருக்கும். அடிப்பூச்சும் தீந்தையும் ஒன்றே என்று விளம்பரம் செய்யப்படும் தகரங்கள், முன்னரே நல்ல தீந்தை பூசிய பரப்பைப் புதுப்பிக்க உதவலாம். எண்ணெய் ஏறிய குசினிப் பலகைக்கும் சாயம் ஊறும் பலாவுக்கும் அவற்றை நம்பலாகாது.

எவ்வளவு வாங்குவது? இரண்டடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள ஒரு கதவின் ஒரு முகம் 5 சதுர அடி; இரு முகங்களும் 10 சதுர அடி. பன்னிரண்டு கதவுகளுக்கு 120 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 11 சதுர மீற்றர். ஒரு லீற்றர் அடிப்பூச்சு ஒரு முறை பூசுவதற்கு ஏறத்தாழ 10 முதல் 12 சதுர மீற்றர் வரை போதும். எனவே இரண்டு முறை பூச இரண்டு லீற்றர். சரியான அளவு தகரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அலுமாரியின் சட்டங்களுக்கெனச் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள்.

பூசும் முறை இனி வருகிறது. தகரத்தின் அடியிற் படிந்திருக்கும் பொருளை மட்டக்கோலால் மெல்லக் கலக்குங்கள். குலுக்கினால் நுரை எழும். சிறு பாத்திரம் ஒன்றில் ஊற்றி, தூரிகையின் மயிரில் மூன்றிலொரு பங்கை மட்டும் தோய்த்துப் பூசுங்கள். கதவில் முதலில் நடுப்பலகை, அதன்பின் குறுக்குச் சட்டங்கள், இறுதியாக நெடுஞ்சட்டங்கள் என்னும் ஒழுங்கைப் பின்பற்றினால், ஒவ்வொரு மூட்டிலும் தூரிகையின் தடம் மரத்தின் ரேகையோடு ஒத்து அமையும். கடைசித் தீற்று ரேகையின் திசையிலேயே இருத்தல் வேண்டும். கதவின் பின்புறத்தையும் நான்கு விளிம்புகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரு முகம் அடைபட்டு மறுமுகம் திறந்திருந்தால், ஈரம் ஒருபுறமாக ஏறிக் கதவு வளையக்கூடும்.

ஒருமுறை தடிப்பாகப் பூசுவதிலும் இருமுறை மெல்லியதாகப் பூசுவதே மேல். தடிப்பான பூச்சின் மேற்றோல் உலர்ந்து உட்பகுதி பச்சையாய் நிற்கும். முதற்பூச்சு காய்ந்ததும் 220 இலக்க மண்தாளால் மெல்ல உரசுங்கள். வெண்டூளாக உதிர்ந்தால் பூச்சுக் காய்ந்துவிட்டது. மண்தாளிற் பசைபோல் அடைந்தால் இன்னும் காயவில்லை. தூசியைத் துடைத்து இரண்டாம் பூச்சை இடுங்கள். அதன் பின்னும் எங்கேனும் மஞ்சள் தெரிந்தால், மேற்பூச்சு அதனை மறைத்துவிடும் என்று எண்ணாமல், அவ்விடத்துக்குக் கறைதடுக்கும் பூச்சை மறுபடியும் இடுங்கள். மேற்பூச்சு கடும் நிறமாயின், வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் நிற அடிப்பூச்சைக் கேட்டு வாங்கினால் தீந்தை மிச்சமாகும்.

கதவு முழுவதற்கும் மேற்பூச்சு இடுமுன், ஒரு கதவின் உட்புறத்தில் சோதனை செய்வது நன்று. உலர்ந்த அடிப்பூச்சில் கூரிய கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கீறல்கள் இட்டு, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். நாடாவில் பூச்சு ஒட்டி வராவிட்டால் உங்கள் வேலை நிலைக்கும். செதில்கள் ஒட்டி வந்தால், கழுவுதலிலோ தேய்த்தலிலோ தெரிவிலோ குறை உண்டு. பன்னிரண்டு கதவுகள் கெடுவதிலும் ஒரு கதவிலே குறையைக் கண்டுகொள்வது இலாபமல்லவா?

காலத்தையும் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடக்கிலும் கிழக்கிலும் காற்றிலே ஈரம் மிகுதி. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 85 ஐத் தாண்டிய வேளையிற் பூசுதல் தவறு. பொங்கலுக்கு முன் தீந்தை பூசுவது நம்மவர் வழக்கமாயினும், மர வேலைக்கு மாசி, பங்குனி மாதங்களே நல்லவை. தகரத்திற் குறித்த உலரும் நேரம் ஈரநாட்களில் நீளும். மறுபுறம், அடிப்பூச்சை இட்டுவிட்டு வாரக்கணக்கில் விட்டுவைத்தலும் ஆகாது. அதன்மேல் குசினி எண்ணெய் மீண்டும் படிந்துவிட்டால், கழுவி உரசி மறுபடியும் தொடங்கவேண்டும்.

ஸ்பிரிட்டும் டேர்ப்பன்டைனும் எளிதிலே தீப்பற்றுவன. அடுப்பெரியும் குசினியில் அவற்றைத் திறக்காதீர்கள். கதவுகளை விறாந்தைக்குக் கொண்டுசென்று காற்றோட்டமான இடத்திற் பூசுங்கள். அசையாத சட்டங்களைப் பூசும் நாளில் அடுப்பை முற்றாக அணைத்து, எரிவாயுச் சிலிண்டரை வெளியே வைத்துவிடுங்கள். எண்ணெய்வகைப் பூச்சைத் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றவும் கூடும். விரித்து உலர்த்தி, அல்லது நீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

எங்கள் அலுமாரியின் கதையை முடித்துவிடுகிறேன். ஓடாவியாரின் சொற்படி, அடுத்த பங்குனியில் வேலையைத் தொடங்கினேன். முன்பு இரண்டு நாட்களில் முடித்த வேலைக்கு இம்முறை பத்து நாட்கள் சென்றன. அவற்றுள் எட்டு நாட்கள் கழுவுவதற்கும், காய்வதற்கும், உரசுவதற்கும், அடிப்பூச்சுக்குமே ஆயின. அந்த எட்டு நாளும் அலுமாரி முன்னிலும் அலங்கோலமாகத் தோன்றியது. வந்தவர் ஒருவரும் பாராட்டவில்லை. ஆறாம் நாள் நான் பொறுமையிழந்து, “ஓடாவியார், இனித் தீந்தையைத் தொடங்கலாமே?” என்றேன். அவர் ஒட்டுநாடாவை என் கையிலே தந்து, “நீங்களே இழுத்துப் பாருங்கள், மாஸ்டர்” என்றார். இழுத்தேன். கீழ்க்கதவு ஒன்றில் நாணயமளவு பூச்சு பெயர்ந்து வந்தது. அந்தக் கதவை மறுபடியும் கழுவினோம்.

அதன்பின் பல பொங்கல்கள் சென்றுவிட்டன. அலுமாரி இன்றும் வெள்ளையாகவே நிற்கிறது. தவழ்ந்த பேரன் இப்பொழுது அக்கதவுகளைத் தானே திறந்து சீனிப் போத்தலைத் தேடும் பருவத்தை அடைந்துவிட்டான். கைபிடியைச் சுற்றி எண்ணெய்க்கை படத்தான் செய்கிறது. மனைவியார் துணியை நனைத்துத் துடைக்கிறார். அழுக்குப் போகிறது, தீந்தை நிற்கிறது.

அந்த அலுமாரியைப் பார்ப்பவர் எவரும் அடிப்பூச்சைக் காண்பதில்லை. காணவேண்டியதும் இல்லை. உங்கள் குசினியிலும் இவ்வேலையைத் தொடங்க எண்ணியிருப்பின், தீந்தையின் நிறத்தைத் தேடிக் கடைக்குப் போகுமுன், அலுமாரிக் கதவு ஒன்றை நகத்தால் ஒருமுறை கீறிப் பாருங்கள். அதன்மேல் இருப்பது யாதென்று அறிந்துகொண்டு, அதன்பின் கடைக்குச் செல்லுங்கள்.